யுகிதருமா: பனிப்பொம்மைக்கு வந்த பெயர்

ஜப்பானின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய இஷிகாவா மாகாணத்தில் ஹக்குசான் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 2,702 மீட்டர். பெயரின் பொருள் வெண்மலை. அதன் அடிவாரத்தில், தெதோரி ஆற்றின் கரையில், ஷிராமினே என்ற பழைய ஊர். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளி வந்து இந்த மலைகளில் மோதி வெண்பனியாகக் கொட்டிவிட்டுப் போகும். ஆளுயரத்துக்கு மேலும் குவியும். மண்சுவர் எழுப்பிய மாடிவீடுகளின் கூரையில் எப்போதும் ஓர் ஏணி சாத்தியிருப்பார்கள். ஏறிப் பனியைத் தள்ளாவிட்டால் கூரை தாங்காது.

ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ இந்த ஊரில் ஒரு விழா. வீட்டுக்கு வீடு வாசலில் பனியை உருட்டிப் பொம்மை செய்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஊரில் இருக்கும் ஆட்களைவிடப் பொம்மைகள் அதிகமாகிவிடும். அந்தப் பொம்மைக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் யுகிதருமா. யுகி என்றால் வெண்பனி. தருமா என்பது ஓர் ஆளின் பெயர். அந்த ஆள் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படும் போதிதருமர்.

காஞ்சிபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் கோலமாவை ஈரமாக்கும் பனிதான். உருட்டிப் பொம்மை செய்யும் பனியை அந்த ஊர் கண்டதில்லை. அப்படிப்பட்ட ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒருவரின் பெயர், உலகத்திலேயே மிக அதிகமாகப் பனி கொட்டும் மலையூர்களில் ஒரு பொம்மையின் பெயராக நிற்கிறது. அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒலி ஒலியாகப் பின்தொடர முடியும். ஆளின் வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் இருக்கும் சான்றுகளைவிடப் பெயரின் பயணத்துக்கு இருக்கும் சான்று உறுதியானது.

பெயருக்குப் போகுமுன் ஷிராமினேயில் இன்னும் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் அது நெசவாளர் ஊர். அதன் பழைய பெயர் உஷிகுபி, மாட்டுக்கழுத்து என்று பொருள். அங்கே நெய்யும் பட்டுக்கு இன்றும் உஷிகுபி ட்சுமுகி என்றுதான் பெயர். 1159இல் நடந்த ஹெய்ஜிக் கலகத்தில் தோற்று ஓடிவந்த வீரரின் மனைவி ஊர்ப்பெண்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்தாள் என்பது ஊர்க்கதை. காஞ்சிபுரத்து நெசவாளர் தங்களை மார்க்கண்டேயர் வழியினர் என்று சொல்லிக்கொள்வதைப் போல இவர்களுக்கும் ஒரு தொடக்கக் கதை இருக்கிறது. வீட்டின் மேல்மாடிகளில் பட்டுப்புழு வளர்த்தார்கள். பக்கத்து ஊரின் பெயர் குவாஜிமா. எழுத்துப்படி அதன் பொருள் முசுக்கொட்டைத் தீவு.

உஷிகுபிப் பட்டின் தனித்தன்மை அதன் கூட்டில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு புழு ஒரு கூடு கட்டும். சில வேளை இரண்டு புழுக்கள் சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டிவிடும். இரண்டு இழைகள் பின்னிக்கிடப்பதால் நூல் சீராக வராது, இடையிடையே முடிச்சு விழும். நம் பக்கத்தில் இந்த இரட்டைக்கூட்டைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். அதிலிருந்து எடுக்கும் நூல்தான் டுப்பியான். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறியில் கோர்வைப் புடவைக்குப் பாவு ஓட்டுகிறவர் அந்த நூலைத் தொடமாட்டார்; அவருக்கு முறுக்கேற்றிய சீரான இழை வேண்டும். ஷிராமினேக்காரர்களோ அந்த இரட்டைக்கூட்டையே தேடி எடுத்து, கொதிநீரில் போட்டு, கையாலேயே இழுத்து நூலாக்குகிறார்கள். ஆணியில் மாட்டினால் துணி கிழியாமல் ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும் என்று அந்தப் பட்டுக்கு ஆணிபிடுங்கி என்ற பட்டப்பெயரும் உண்டு. 1988இல் ஜப்பான் அரசு இதை மரபுக் கைத்தொழிலாக அறிவித்தது. காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

ஊரில் வெந்நீர் ஊற்றும் இருக்கிறது. ஜப்பானியர் ஓன்சென் என்பது இதைத்தான். ஷிராமினே ஊற்றின் நீரில் சோடா உப்பு மிகுதி. தோலில் பட்டால் வழுவழுப்பாகும். பட்டுத்தோல் வெந்நீர் என்றே ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். காஞ்சியிலும் பட்டுநூலின் பசையைப் போக்க சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில்தான் வேகவைக்கிறார்கள். அந்த வேலை தெரிந்த கைக்கு ஷிராமினே நீரின் தன்மையைப் புதிதாக விளக்கவேண்டியதில்லை.

ஹக்குசான் வட்டாரத்தில் இச்சிரினோ போன்ற இடங்களில் சறுக்குமலைகளும் வெந்நீர் விடுதிகளும் சேர்ந்தே இருக்கின்றன. பகலெல்லாம் பனிச்சறுக்கு, இருட்டியதும் உடம்பைக் கழுவிவிட்டு வெந்நீர்த் தொட்டி, பிறகு பாய் விரித்த அறையில் சோறும் மீனும் ஊறுகாயும். ஜப்பானியக் குளிர்கால விடுமுறை என்றால் பெரும்பாலும் இதுதான். சறுக்கு ஜப்பானுக்குப் புதியது. 1911 ஜனவரியில் தியோடோர் வான் லெர்ச் என்ற ஆஸ்திரியப் படை அதிகாரி, நீகாத்தா மாகாணத்துத் தகாதாவில் ஜப்பானியச் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் முறையான தொடக்கம். ஸ்கீ என்ற சொல்லும் அதனோடுதான் பரவியது. பிளந்த மரத்துண்டு என்று பழைய வட ஐரோப்பிய மொழியில் அதற்குப் பொருள். வெந்நீரும் பனிப்பொம்மையும் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தவை.

இப்போது தருமாவுக்கு வருவோம்.

ஜப்பானில் தருமா என்றதும் நினைவுக்கு வருவது சிவப்புப் பொம்மை. காகிதக் கூழால் செய்தது. கை கால் இல்லை, உருண்டை உடம்பு, அடியில் கனம். தள்ளினால் சாய்ந்து, விட்டதும் எழுந்து உட்காரும். நம் தஞ்சாவூர்ப் பொம்மைக்கு இருக்கும் அதே குணம். போதிதருமர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து தியானித்ததில் கை கால்கள் ஒடுங்கிப்போயின என்ற கதையே அந்த வடிவத்துக்குக் காரணம். புருவத்தை நாரை போலவும் தாடியை ஆமை போலவும் வரைவார்கள், இரண்டும் நீண்ட ஆயுளின் அடையாளம். சிவப்பு நிறம் அம்மை நோயை விரட்டும் என்ற நம்பிக்கை எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், வலுவாக இருந்தது.

இந்தப் பொம்மைகளில் பெரும்பங்கைச் செய்யும் ஊர் குன்மா மாகாணத்தின் தகாசாக்கி. அங்குள்ள ஷோரின்சான் தருமா கோயில் 1697இல் எழுந்தது. 1783இல் அசாமா எரிமலை வெடித்துச் சாம்பல் வயல்களை மூடியது. தென்மேய்ப் பஞ்சம் நாட்டையே வாட்டியது. பிழைக்க வழியில்லாத குடியானவர்களுக்கு அந்தக் கோயிலின் துறவி தோகாக்கு மரஅச்சு செய்துகொடுத்துப் பொம்மைத் தொழிலைக் கற்பித்தார் என்பது கோயில் வரலாறு. பஞ்சத்தில் சோறு போட்ட பொம்மை என்பதால் அந்த ஊரார் அதை வெறும் விளையாட்டுச் சாமானாக நினைப்பதில்லை. புகழ்பெற்ற குசாத்சு வெந்நீர் ஊரும் அதன் சறுக்குமலையும் இதே மாகாணத்தில்தான் இருக்கின்றன.

சிவப்புப் பொம்மை ஊரெங்கும் பரவிய அதே எடோ காலத்தில்தான் பனிப்பொம்மையும் தருமா ஆயிற்று. அக்காலத்து மரஅச்சுப் படங்களில் பனியில் செய்து நிறுத்திய தருமாவைப் பார்க்கலாம், கண்களுக்குக் கரியுருண்டை. பெரிய கண், மூடிய வாய், கை கால் இல்லாத பருத்த உடல். மேற்கு நாட்டுப் பனிப்பொம்மைக்கு மூன்று உருண்டை வைப்பது வழக்கம். ஜப்பானியப் பொம்மைக்குப் பொதுவாக இரண்டுதான், தலையும் உட்கார்ந்த உடம்பும். தியானத்தில் இருப்பவருக்கு நிற்கும் கால் வேண்டாமே. பெயர் மட்டுமன்றி வடிவமும் அவருடையது.

தருமா என்ற ஒலி சீனத்திலிருந்து வந்தது. போதிதர்ம என்ற வடமொழிப் பெயரைச் சீனர் பூதிதாமோ என்று எழுதினார்கள், சுருக்கமாகத் தாமோ. கொரியர் தல்மா என்கிறார்கள். வியட்நாமியர் தத்மா என்கிறார்கள். ஜப்பானியர் தருமா. நான்கு நாட்டாரும் பெயரின் முதலில் எழுதிவந்தது ஒரே சீன எழுத்தைத்தான், வாசிப்புதான் வேறு. காரணம் முதல் எழுத்தின் பழைய ஒலி. தாங் காலத்துக்கு முன்பு அதன் உச்சரிப்பு ஏறத்தாழ 'தத்' என்பது. தர்ம என்பதில் உள்ள ரகர ஒற்றைக் காட்டச் சீனத்தில் எழுத்து இல்லை, ஆகவே தகர ஒற்றில் முடியும் எழுத்தைப் போட்டுக்கொண்டார்கள். வியட்நாம் அந்தத் தகரத்தை அப்படியே வைத்திருக்கிறது. வடமேற்குச் சீனத்தில் அது ரகரமாக நெகிழ்ந்தது, கொரியாவில் லகரமாயிற்று. புத்தரைக் குறிக்கும் எழுத்தும் கொரியாவில் 'புல்' என்று ஒலிப்பது இதனால்தான். இன்றைய சீனத்தில் ஒற்றே உதிர்ந்து தாமோ ஆகிவிட்டது. இந்தியச் செவிக்கு மிக நெருக்கமாக இருப்பது ஜப்பானிய வடிவம்.

தமிழ்ச் செவிக்கோ அது நெருக்கம் என்பதற்கும் மேலே. ஜப்பானிய மொழியில் மெய்யெழுத்து தனியே நின்று அடுத்த மெய்யோடு சேர்வது அரிது; ஒவ்வொரு மெய்யும் ஓர் உயிரைப் பற்றிக்கொண்டுதான் வரும். எனவே 'தர்ம' அவர்கள் வாயில் த-ரு-ம என்று பிரிந்தது. தமிழிலும் தருமம், தருமன் என்றே எழுதிவந்தோம். இங்கே காரணம் வேறு. தனிக்குறிலுக்குப் பின் ரகரமும் ழகரமும் ஒற்றாக வரமாட்டா என்று தொல்காப்பியம் விதிக்கிறது. நேர்மை, கூர்மை என்று நெடிலுக்குப் பின் வரும். குறிலுக்குப் பின் வராது. அதனால் கர்மம் கருமமாயிற்று, வர்ணம் வருணமாயிற்று, தர்மம் தருமமாயிற்று. கன்மம், வண்ணம், தன்மம் என்று ரகரத்தையே விட்டுவிடுவது நம் முன்னோர் கண்ட இன்னொரு வழி. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், வெவ்வேறு இலக்கணக் காரணத்தால், ஒரே இடத்தில் ஒரே உகரத்தைச் செருகியிருக்கின்றன. இதை வைத்துத் தமிழிலிருந்து ஜப்பானியம் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். காரணம் தெளிவாக இருக்கும்போது உறவு கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் ஷிராமினேயில் ஒரு குழந்தை 'தருமா' என்று சொல்வதைக் காஞ்சிபுரத்துப் பாட்டி கேட்டால் உடனே புரிந்துகொள்வாள் என்பது உண்மை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

தருமத்துக்கு முன்னே நிற்கும் போதியும் உடன் போன தியானமும் இதே வழியில் மாறின. தியானம் பாலியில் ஜான ஆகி, சீனத்தில் சான்னா, பிறகு சான். கொரியாவில் சொன், வியட்நாமில் தியென், ஜப்பானில் ஸென். ஹக்குசானுக்கு மேற்கே புகுயி மாகாணத்தில் இருக்கும் எய்ஹெய்ஜி மடம் 1244இல் தோகென் நிறுவியது, ஸென் நெறியின் பெரிய இருக்கைகளில் ஒன்று. அந்த மடத்துக்குக் காவல்தெய்வம் ஹக்குசான் மலைத்தெய்வம். அவர்களுடைய குருவரிசையில் புத்தருக்குப் பின் இந்தியாவின் 28ஆவது ஆசானும் சீனத்தின் முதல் ஆசானும் ஒருவரே, அவர் போதிதருமர். ஆக ஹக்குசான் பனியில் குழந்தைகள் செய்யும் பொம்மையும், மலையின் மறுபக்கத்து மடத்தில் துறவிகள் வணங்கும் ஆசானும் ஒரே பெயருக்கு உரியவர்கள்.

இனி காஞ்சி. இங்கேதான் நிதானம் வேண்டும்.

2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு போதிதருமர் பல்லவ இளவரசர் என்பது தமிழ்நாட்டில் ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகிவிட்டது. பல்லவர் செப்பேடு எதிலும் அவர் பெயர் இல்லை. சீனச் சான்றுகளும் ஒரே குரலில் பேசவில்லை. மிகப் பழையது, 547இல் யாங் சுவான்ஜி லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதிய நூல். யோங்நிங் மடத்தின் கோபுரத்தைப் பார்த்து வியந்து நின்ற முதிய துறவி போதிதருமர், பாரசீக நாட்டவர் என்று அது சொல்கிறது. போதிதருமரின் மாணவர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின் எழுதிய முன்னுரை, தென்னிந்தியாவின் பெரிய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. 645இல் துறவியர் வரலாறு தொகுத்த தாவோசுவானும் தென்னிந்தியர் என்றே எழுதுகிறார், ஆனால் பிராமணக் குலம் என்கிறார். ஊர்ப்பெயர் இவர்களில் யாரும் சொல்லவில்லை.

ஊர்ப்பெயர் வருவது பிந்தைய ஸென் வரலாறுகளில்தான். 1004இல் தொகுத்த விளக்குப் பரிமாற்ற வரலாறு, தென்னிந்தியாவில் சியாங்ஜி என்ற நாட்டு அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. அவருடைய முதற்பெயர் போதிதாரர். ஆசான் பிரஜ்ஞாதாரர் அவருடைய தெளிவைக் கண்டு தாமோ என்று புதுப்பெயர் வைத்தார் என்ற கதையும் அதில் உண்டு. இந்தச் சியாங்ஜி காஞ்சியா?

காஞ்சியைச் சீனர் வேறு இடங்களில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். ஏறத்தாழ 640இல் தென்னாட்டுக்கு வந்த யுவான் சுவாங் ஜியன்ஜிபுலுவோ என்று எழுதினார். அன்றைய உச்சரிப்பில் அது கியன்-சி-புலா, காஞ்சிபுரம் என்பதில் ஐயமே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் பதினாயிரம் துறவிகளும் அங்கே இருந்ததாகவும், நாலந்தாவின் பேராசான் தருமபாலர் பிறந்த ஊர் அதுவே என்றும் அவர் குறித்திருக்கிறார். அதற்கும் முன்னே ஹான் வரலாற்றில் கடல் கடந்த நாடுகளின் பட்டியலில் ஹுவாங்ஜி என்றொரு நாடு வருகிறது. வாங் மாங் ஆட்சியைக் கையில் வைத்திருந்த காலத்தில் அங்கிருந்து காண்டாமிருகம் ஒன்று காணிக்கையாக வந்ததாம். அதையும் காஞ்சி என்று பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஃபெராண்ட் அடையாளம் கண்டார்; மறுப்பவர்களும் உண்டு.

மூன்று பெயரிலும் பின்பாதி 'ஜி'. நம்முடைய 'சி'. சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. யுவான் சுவாங் எழுதியதில் வல்லினக் ககரம் தெளிவாக நிற்கிறது. சியாங்ஜியின் முதலெழுத்து பழைய சீனத்தில் ஹகரத்தில் தொடங்கி 'ஹ்யங்' போல ஒலித்தது. காஞ்சியின் ககரம் ஏன் ஹகரமானது? கேள்வி வழியே, பல நாவுகளைக் கடந்து வந்த பெயராக இருந்தால் அப்படித் தேய்ந்திருக்கலாம். அந்தச் சீன எழுத்துக்கு நறுமணம் என்ற பொருளும் உண்டு, எனவே ஒலியைக் காட்டாமல் கந்தம் என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயரின் பொருளைத் தந்ததாகவும் வாசிக்க இடம் இருக்கிறது. தென்னிந்தியா, அரச குடும்பம், 'சி' என்று முடியும் தலைநகர் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. என் முடிவு இதுதான்: தென்னாட்டார் என்பதற்குச் சான்று வலுவானது, காஞ்சிக்காரர் என்பது மிகவும் நிகழக்கூடியது, பல்லவ இளவரசர் என்பது நம் விருப்பம். இந்த மூன்றையும் கலக்காமல் சொன்னால் ஊரின் பெருமை குறையாது.

காஞ்சியில் தருமம் என்ற சொல் வாழ்ந்த வாழ்க்கைக்கோ எந்த ஐயமும் கிடையாது. மணிமேகலை புத்தநெறியை முழுதாகக் கேட்டு அறிந்த ஊர் கச்சி. கிண்டலாகச் சித்திரித்தாலும், மகேந்திரவர்மனின் மத்தவிலாசத்தில் காஞ்சித் தெருவில் புத்தத் துறவி நடக்கிறார். காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் கிடைத்த நின்ற கோலப் புத்தர் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனார். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவன் 720இல் தாங் அரசவைக்குத் தூது அனுப்பியதைச் சீன ஆவணங்கள் சொல்கின்றன. இவ்வளவு போக்குவரத்து நடந்த ஊரில் புத்தம் மறைந்தபோது சொல் மட்டும் வேறு வேலைக்குப் போயிற்று. தருமராசன் என்பது பழைய நிகண்டுகளில் புத்தருக்கு ஒரு பெயர். பிற்காலத்தில் அது பாண்டவர் மூத்தவருக்கே உரியதாகித் தொண்டைநாடெங்கும் தருமராசா கோயில்களாகவும் திரௌபதி அம்மன் தீமிதியாகவும் பாரதக் கூத்தாகவும் நிற்கிறது. அந்தக் கோயில்களில் சில முன்பு புத்தர் கோயில்களாக இருந்திருக்கவேண்டும் என்று மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளிவந்த 'பௌத்தமும் தமிழும்' நூலில் வாதிட்டார். எல்லாக் கோயிலுக்கும் இது பொருந்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பெயர் வழியே மறைந்த சமயத்தைத் தேடிய அவருடைய முறை இன்றும் வழிகாட்டுகிறது. வரதராசர் கோயில் வாசலில் 'தர்மம் பண்ணுங்க சாமி' என்று கேட்கும் குரலில் அதே சொல் ஈகை என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. உள்ளே கட்டணமில்லா வரிசைக்குத் தர்ம தரிசனம் என்று பெயர்.

தருமாப் பொம்மையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். கடையில் வாங்கும்போது அதற்குக் கருவிழி இருக்காது, இரண்டு கண்ணும் வெறும் வெள்ளை. ஏதாவது வேண்டிக்கொண்டு ஒரு கண்ணில் மட்டும் மை வைப்பார்கள். நினைத்தது நடந்தால் மறுகண்ணிலும் வைப்பார்கள். தேர்தலில் வென்றவர் பெரிய தருமாவின் கண்ணில் மை வைக்கும் படத்தை ஜப்பானியச் செய்தித்தாள்களில் பார்க்கலாம். கண் திறந்தால்தான் உருவத்துக்கு உயிர் என்ற எண்ணம் காஞ்சி வட்டாரத்து ஸ்தபதிகளுக்குப் பழக்கமானது. குடமுழுக்குக்கு முன் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை ஆகமங்கள் நயனோன்மீலனம் என்கின்றன.

ஜப்பானில் நடந்த மிகப் பெரிய கண்திறப்பைச் செய்தவரும் ஒரு தென்னிந்தியர். நாரா நகரத்துத் தோதைஜி மடத்தின் பெரிய புத்தருக்கு 752இல் கண்ணில் மை தீட்டியவர் போதிசேனர். பாரத்துவாச கோத்திரத்துப் பிராமணர் என்று அவருடைய கல்வெட்டுப் புகழுரை சொல்கிறது. ஜப்பானியர் அவரைப் பராமோன் சோஜோ என்றார்கள், பிராமணப் பேராசான் என்று பொருள். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலப் பட்டுக்கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களும் கண் திறந்த புண்ணியத்தைப் பெற்றார்கள். தூரிகையும் பட்டுக்கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. 1,270 ஆண்டு கடந்த பட்டு அது; நெசவு ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும்.

736இல் போதிசேனர் கப்பலில் வந்திறங்கியபோது நானிவாத் துறையில் எதிர்கொண்டு அழைத்தவர் கியோகி என்ற துறவி. பாலம் கட்டி, ஏரி வெட்டி ஏழைகளுக்கு உழைத்தவர். ஜப்பானின் எத்தனையோ வெந்நீர் ஊற்றுகளுக்கு அவரே கண்டுபிடித்தவர் என்று தலபுராணம் இருக்கிறது. குசாத்சுவுக்கு, நாகானோவின் நோசாவாவுக்கு, இஷிகாவாவிலேயே யாமாஷிரோவுக்கும் யாமானாகாவுக்கும். ஹக்குசான் மலையை 717இல் வழிபாட்டுக்குத் திறந்தவராகச் சொல்லப்படும் தாய்ச்சோ கண்டது அவாசு ஊற்று. இவையெல்லாம் புராணங்கள், வரலாறு ஆகமாட்டா. என்றாலும் வெந்நீர் ஊருக்கு ஒரு துறவியைத் தேடி முதல்வராக்கிய மனம்தான், பனிப்பொம்மைக்கும் ஒரு துறவியின் பெயரை வைத்தது.

சொல் அதோடு நிற்கவில்லை. வயிறு பருத்த இரும்புக் கணப்படுப்புக்குத் தருமா அடுப்பு என்று பெயர். பனியூர்களின் பள்ளிகளிலும் ரயில் நிலையங்களிலும் அதைச் சுற்றித்தான் குளிர்காய்ந்தார்கள். உடல் முழுக்கத் தீப்பற்றியவரை நெருப்புத் தருமா என்பார்கள். பனியை உருட்ட உருட்டப் பருப்பதால், வட்டிக்கு வட்டி ஏறிக் கடன் பெருகுவதை யுகிதருமா-ஷிகி என்கிறார்கள், பனித்தருமா முறையில் என்று பொருள். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி அதை அடைக்கவே ஆண்டுக்கணக்கில் நெய்த காஞ்சிபுரத்துக் குடும்பங்களுக்கு இந்தச் சொல்லாட்சியின் கனம் விளக்காமலே தெரியும்.

குழந்தைகளின் விளையாட்டு ஒன்றும் உண்டு. ஒருவர் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு 'தருமா-சான் கா கொரோந்தா' என்று சொல்லவேண்டும். தருமர் விழுந்துவிட்டார் என்று பொருள். சொல்லி முடித்துத் திரும்பும்வரை மற்றவர்கள் மெல்ல நெருங்கி வரலாம். திரும்பியதும் அசைந்தவர் தோற்றார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தவரின் பெயரைச் சொல்ல, குழந்தையும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. அந்த வாக்கியத்தை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்குக் காரணம் அதன் அளவு. த, ரு, ம, ச, ன், கா, கொ, ரோ, ன், தா. ஜப்பானியக் கணக்கில் சரியாகப் பத்து ஒலி. ஒன்று முதல் பத்துவரை எண்ணுவதற்குப் பதில் அவரைச் சொல்லிவிடுகிறார்கள்.